ஃபென்டனில் பேட்ச்: வலி கூடினால் அடுத்த அளவுக்குத் தாவலாமா?

மாத்திரை விழுங்க முடியாத புற்றுநோயாளிக்கு ஃபென்டனில் பேட்ச், அதாவது தோலில் ஒட்டும் வீரியமான வலிமருந்துப் பட்டை, நல்ல பொருள். மார்ஃபினைவிட மலச்சிக்கல் குறைவு, ஒருமுறை ஒட்டினால் 72 மணி நேரம் கவலையில்லை. அதே பேட்சை நாள்பட்ட முதுகுவலிக்கு மாதக்கணக்கில் ஒட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஃபென்டனில், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்தே சிலருக்கு வலி உணர்வைக் கூட்டிவிடும். தண்டுவடத்தில் என்எம்டிஏ என்ற, வலிச் சமிக்ஞையைப் பெருக்கும் ஏற்பிகள் தூண்டப்பட்டு, வலியை அடக்க வேண்டிய நரம்புப் பாதைகளே அதை ஏற்றிவிடத் தொடங்குவது இதற்கு ஒரு காரணம்.

அளவைக் கூட்டியதும் வலி அடங்கினால் உடல் மருந்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். மணிக்கு 25 மைக்ரோகிராம் இறக்கும் பேட்சிலிருந்து 50-க்குப் போன பிறகு இடுப்புவலி தொடை, தோள் என்று பரவி, சட்டை உரசினாலே எரிகிறதா? அப்போது மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு முன் பேட்சைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ வியர்வையோ இருந்தால் ஓரம் கிளம்பி மருந்து சரியாக இறங்காது. மூன்றாம் நாள் மட்டும் வலி எகிறினால் பேட்ச் தீர்ந்துவருகிறது என்று பொருள். வலிக்கிறதே என்று பேட்ச் மேல் வெந்நீர்ப் பை வைப்பது ஆபத்து: மருந்து மளமளவென இறங்கி மூச்சு மந்தமாகும்.

பேட்சின் பெரிய குறை, மெதுவாக வேலை செய்வது. ஒட்டி 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் முழு வேலை தெரியும். எடுத்த பிறகும் ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய 17 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அளவைக் குறைத்தால் வலி குறைகிறதா என்று சோதிக்க நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

குறைப்பதும் படிப்படியாகத்தான். ஓராண்டுக்கு மேல் போட்டவருக்கு மாதம் 10 சதவீதம் அளவிலோ அதைவிட மெதுவாகவோ குறைப்பது வழக்கம். சட்டென்று பிய்த்துப் போட்டால் வியர்வை, வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் வலி என்று வரும். அதையும் பழைய வலி என்று நினைத்துத் திரும்ப ஒட்டிவிடுவார்கள். சிலருக்கு வலி மருத்துவர் புப்ரெனார்ஃபின், மெத்தடோன் என்ற வேறு ஓபியாய்டுகளில் ஒன்றுக்கு மாற்றுவார். மெத்தடோனுக்கு மாற்றும் அளவுக் கணக்கு தனி வித்தை, மாற்று அட்டவணையைப் பார்த்துப் போடக்கூடாது. நரம்புவலி மருந்தான ப்ரீகாபலின் சேர்த்தால் தூக்கத்தையும் மூச்சையும் கவனிக்க வேண்டும்.

பேட்சை வெட்டிப் பாதியாக்கக் கூடாது. ஆகவே குறைக்கும்போது 12 மைக்ரோகிராம் பேட்ச்தான் கைகொடுக்கும். மருந்தகத்தில் 25-ம் 50-ம் மட்டும் இருந்தால் மெல்லக் குறைக்க வழியில்லை. முதல் பேட்ச் ஒட்டும் முன்பே 12 கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.