சோப்புத் துண்டு, முள்வாங்கி, ஒரு ஜிப் பை

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் பெட்டியில் முதலில் ஏறுவது கோடாலித் தைலம். சொந்தக்காரர்களுக்குத் தலைக்கு ஒன்று, அப்பத்தாவுக்கு மட்டும் மூன்று. அடுத்து ஏறுவது, கடந்த 6 வருடங்களாக, ஒரு சிவப்பு முதலுதவிப் பை. கடையில் ஆயத்தமாக விற்பது. 40 வெள்ளி கொடுத்து வாங்கியது. 6 வருடமும் அதைப் பிரிக்காமலே கொண்டுபோய்ப் பிரிக்காமலே திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். பிரிக்கும்படி எதுவும் நேரவில்லை என்பதில் மகிழ்ச்சிதான். உள்ளே என்ன இருக்கிறது என்றே பார்க்காமல், எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருப்பதாக ஊரில் பெருமை பேசியதுதான் கொஞ்சம் அதிகப்படி.

இந்த ஜூன் விடுமுறையில் அந்தப் பையைப் பிரிக்க வேண்டி வந்தது. திருச்சியில் இறங்கி, புதுக்கோட்டை வழியாக அறந்தாங்கிப் பக்கம் போனால் எங்கள் ஊர். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் சாயங்காலம், தம்பியின் பைக்கிலிருந்து என் மகள் வலப்பக்கமாகக் குதித்து இறங்கினாள். சைலன்சர் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பது ஊர்ப் பிள்ளைகளுக்குத் தவழும் வயதிலேயே தெரியும். மின்தொடர்வண்டியில் ஏறி இறங்கியே வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்? கெண்டைக்காலில் 10 ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சுட்டுவிட்டது.

அவள் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம். சித்தி இட்லி மாவுக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். எதிர்வீட்டுப் பெரியம்மா பற்பசை என்றார். பேனா மையை ஊற்றினால் கொப்புளமே வராது என்று இன்னொருவர். நான் வீறாப்பாகச் சிவப்புப் பையைப் பிரித்தேன். கட்டைவிரல் அகலத்தில் 20 பிளாஸ்டர், ஸ்பிரிட் வாடை அடிக்கும் துடைப்புத் தாள்கள், ஒரு விசில், ஒரு திசைகாட்டி, பனிப் பிரதேசத்தில் உடம்பு விறைத்துவிடாமல் போர்த்திக்கொள்ளும் வெள்ளித்தாள் போர்வை. வெளியே 38 டிகிரி வெயில் அப்போதுதான் தணிந்துகொண்டிருந்தது. "என்னக்கா, இமயமலைக்குப் போகிற பையை மாற்றி எடுத்து வந்துவிட்டாயா?" என்றான் தம்பி.

உதவிக்கு வந்தது சித்தப்பா ஓடிப்போய்ப் போட்ட மோட்டார்தான். மாடித் தொட்டித் தண்ணீர் அந்நேரத்துக்கு வெந்நீராகக் கிடந்ததால், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நேராக வருகிற தண்ணீரில் காலை 20 நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தோம். சுட்ட புண்ணுக்கு முதல் மருந்து ஓடுகிற தண்ணீர். ஐஸ் கூடாது, மாவு கூடாது, மை கூடவே கூடாது. அலுவலகத்தில் என்னை ஒருநாள் பயிற்சிக்கு வலுக்கட்டாயமாக அனுப்பியதில் மனதில் நின்றது இந்த ஒன்றுதான். 20 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஐந்தாவது நிமிடத்திலிருந்தே "போதும், பிள்ளைக்குச் சளி பிடித்துவிடும்" என்று பின்னாலிருந்து குரல்கள். பிறகு அப்பத்தாவின் துவைத்து மடித்த பழைய வேட்டித் துணியை மேலே லேசாக மூடி வைத்தோம்.

மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையம். கடவுச்சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பெயர், வயது, ஊர், இந்த மூன்றைத்தான் கேட்டுச் சீட்டு எழுதினார்கள். காசு வாங்கவில்லை. மின்விசிறி சுற்றவில்லை, உட்கார ஒரே பெஞ்சு, ஆனால் முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். புண்ணைப் பார்த்த செவிலியர் கேட்ட முதல் கேள்வி, "மாவு ஏதாவது தடவினீர்களா?" இல்லை என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்குக் கிடைத்த பெருமிதம் அலுவலகப் பதவி உயர்வில்கூடக் கிடைத்ததில்லை.

சிவப்புப் பையின் கதையைச் சொல்லி, ஊரில் கையோடு வைத்துக்கொள்ள என்னென்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். பட்டியல் ஒன்றும் அவர் தரவில்லை. "போன ஒரு வருடத்தில் உங்கள் வீட்டில் யாருக்கு என்ன ஆனது என்று உட்கார்ந்து எழுதுங்கள். அதற்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்" என்றார்.

அன்று இரவு திண்ணையில் அந்தக் கணக்கெடுப்பு நடந்தது. இந்தப் பயணத்தில் நான் மிகவும் ரசித்த இரவு அதுதான். சித்தப்பாவுக்குச் சீமைக்கருவேல முள், வருடத்தில் எத்தனை முறை என்று எண்ணவே முடியவில்லை. சித்திக்கு அரிவாள்மணை. தம்பிக்குக் கோயில் கடாவெட்டுக்கு மறுநாள் வயிற்றுப்போக்கு. அவன் மகனுக்கு மாமரத்திலிருந்து விழுந்து கைச்சுளுக்கு. பக்கத்து வீட்டுக்காரரைக் கதண்டுக் குளவி கொட்டியது. சைலன்சர் சூடு இதோடு மூன்று. பனியில் விறைத்தவர், திசை தெரியாமல் காட்டில் தவித்தவர் என்று எங்கள் வம்சத்தில் ஒருவரும் இல்லை.

முள்ளுக்கு வருவோம். சிவப்புப் பையில் ஒரு பிளாஸ்டிக் இடுக்கி இருந்தது. சித்தப்பாவின் குதிகாலில் ஒடிந்திருந்த முள்ளை அதால் பிடித்து இழுத்தேன். இடுக்கி வளைந்தது, முள் அசையவில்லை. அவர் சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். அதில் தொங்கியது கொல்லாசாரி அடித்துக் கொடுத்த இரும்பு முள்வாங்கி, கூடவே காதுக்குறும்பி எடுக்கும் குட்டிக் கரண்டி. ஒரே இழுப்பில் முள் வெளியே வந்தது. இரும்பைச் சுடுநீரில் கொதிக்கவைத்துத் துடைத்துவிட்டுத்தான் தொடவேண்டும் என்பதும், தடுப்பூசி போட்டு வெகுகாலம் ஆகியிருந்தால் டெட்டனஸ் ஊசி தேவை என்பதும் மட்டும்தான் நான் சேர்த்துச் சொன்னவை. சந்தையில் அதே மாதிரி ஒன்று தேடி வாங்கினேன்.

மருந்துக்கடை அனுபவம் இரண்டுங்கெட்டான். நான் பிளாஸ்டர் கேட்டேன். கடைப் பையன் பெரிய பிளாஸ்திரி உருளையை எடுத்து வைத்தான். சிங்கப்பூரில் நாங்கள் பிளாஸ்டர் என்பது இங்கே பேண்ட் எய்ட் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் இருவருக்கும் விளங்கியது. அது சிரிப்போடு போயிற்று. சிரிக்க முடியாத இரண்டு விஷயங்கள் உண்டு. மாத்திரை 4 போதும் என்றால் அட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள். வெட்டிய துண்டில் பெயர் பாதி இருக்கும், காலாவதித் தேதி இருக்கவே இருக்காது. தேதி அச்சடித்த பக்கத்தை வெட்டித் தரும்படி கேட்டேன், முணுமுணுத்துக்கொண்டே தந்தான். எனக்குப் பக்கத்தில் நின்றவர் "காய்ச்சல், உடம்புவலி" என்றதும், சீட்டே இல்லாமல் நாலைந்து நிற மாத்திரைகளை ஒரு காகித உறையில் போட்டு "மூன்று வேளை" என்று நீட்டினான். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு போட்டிருந்தால் அது மருத்துவர் சீட்டோடு மட்டுமே வாங்கவேண்டிய மருந்து. அந்த உறைக்குள் கோடும் தெரியவில்லை, பெயரும் தெரியவில்லை. நம் பைக்குள் அப்படி எதுவும் போகக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். ஆன்டிபயாடிக் அறவே கிடையாது.

பாராசிட்டமாலில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் பனடோல் 500 மில்லிகிராம்; பெரியவர்கள் ஒரு வேளைக்கு இரண்டு போட்டுப் பழகியிருப்போம். இங்கே கடையில் கை தானாகப் போவது 650-க்கு. பழைய நினைப்பில் அதையும் இரண்டாகப் போட்டால் ஒரே வேளையில் 1,300 மில்லிகிராம். ஒரு நாள் முழுவதற்குமே 4,000-தான் பெரியவர்களுக்கு உச்சவரம்பு. சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால் கணக்கு இன்னும் குழம்பும். அதனால் அட்டையின் மேலேயே பேனாவால் "ஒன்று மட்டும், 6 மணி நேரம் கழித்து" என்று எழுதிவிட்டேன். பிள்ளைகளுக்கு எடைக்குத் தக்க அளவு என்பதால் அவர்களுடைய மருந்து தனி. ஐபுபுரூஃபன் என்கிற வலி மாத்திரையை வைக்கவில்லை. டெங்கு இருக்கும் ஊரில், காய்ச்சல் என்னவென்று தெரியாமல் அதைப் போட்டுக்கொள்வது இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைத் தூள் பொட்டலம். நிறம் நிறமான அட்டை டப்பாவில் வருகிற இனிப்புப் பானத்தைத் தந்தான் பையன். வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று அச்சிட்ட தூளைக் கேட்டு வாங்கினேன். பெரிய பொட்டலம் முழு ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. எங்கள் வீட்டில் இத்தனை வருடமும் அதைத் தம்ளருக்குப் பாதியாகப் போட்டுக் குடித்துவந்திருக்கிறார்கள்! உப்பு மிகுந்துபோனால் அது உதவியல்ல, உபத்திரவம். ஒரு லிட்டர் பாட்டிலையே பக்கத்தில் வைத்துவிட்டேன். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்தது.

இனி சோப்பு. இரண்டாவது வாரம் தம்பி மகனைத் தெருநாய்க்குட்டி பிறாண்டிவிட்டது. ஒரு கோடு, அதில் ஒரு சொட்டு இரத்தம், அவ்வளவுதான். "குட்டிதானே" என்றார்கள். சுண்ணாம்பு தடவலாம் என்றார்கள். நாய்க்கடிக்குப் பையில் வைக்க மாத்திரையோ களிம்போ கிடையாது. வைக்க முடிவது சோப்பு. தங்கும் விடுதிகளில் தருகிற குட்டிச் சோப்பு ஒன்றைச் சிறிய டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். பம்புசெட்டில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவினோம். பிறகு அதே சுகாதார நிலையம், அதே செவிலியர். "அடுத்தது யார்?" என்றார். தடுப்பூசி குளிர்பெட்டியில் இருந்தது, இலவசம். இரண்டு கைகளிலும் தோலுக்குள் போட்டு, 3, 7, 28-ஆம் நாள்களைக் குறித்த அட்டை கொடுத்தார். அந்த அட்டையும் பைக்குள் போயிற்று. விடுமுறை முடிந்துவிட்டது என்று ஊசியைப் பாதியில் விடும் ஆட்கள் நம்மில் உண்டு. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதைச் செவிலியர் தம்பியிடம் மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னார்.

பையை வெளியாளுக்குப் பிரித்தது ஒரு முறை. அறந்தாங்கிச் சாலையில் ஆடு குறுக்கே ஓடி, எங்களுக்கு முன்னால் போன பெரியவர் மொபட்டோடு விழுந்தார். முன்கையில் ஆழமான வெட்டு. கையுறை போட்டு, காஸ் துணியை மடித்து அழுத்திப் பிடித்தேன். பஞ்சு வைக்கவில்லை, புண்ணில் இழை இழையாக ஒட்டிக்கொள்ளும். தம்பி 108 ஆம்புலன்ஸை அழைத்தான். மாவட்டம், வட்டம், பக்கத்து அடையாளம் என்று கேட்டார்கள். நான் அலைபேசியில் வரைபடத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது, டீக்கடைக்காரர் அலைபேசியை வாங்கி "அய்யனார் கோயில் தாண்டிக் கல்பாலம்" என்றார், முடிந்தது. 17 நிமிடத்தில் வண்டி வந்தது. ஓட்டுநரை அவர்கள் பைலட் என்கிறார்கள். கூடவே ஒரு மருத்துவ உதவியாளர். என் கட்டை அவிழ்க்காமல் அதன் மேலேயே இன்னொரு சுற்றுச் சுற்றினார். 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சேவை இது; நான் நேரில் பார்த்தது இதுவே முதல் முறை. சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் "நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. டீக்கடையில் நின்ற பாதிப்பேருக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் "தொட்டால் போலீஸ் கேஸ் ஆகும்" என்று விலகி நின்றவர்களும் இருந்தார்கள். உதவியவர்களை அலைக்கழிக்கக்கூடாது என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு ஏறிவிட்டது. என்னிடம் யாரும் பெயர்கூடக் கேட்கவில்லை.

ஒரு நாள் நான் ஏறிய பேருந்தில், ஓட்டுநருக்குப் பின்னால் முதலுதவிப் பெட்டி என்று எழுதி ஒன்று தொங்கியது. எட்டித் திறந்து பார்த்தேன். ஒரு சீப்பு, இரண்டு எலுமிச்சம்பழம், பாதி எரிந்த ஊதுபத்திக் கட்டு.

என் பை இப்போது பள்ளிப் பிள்ளைகள் பென்சில் வைக்கும் ஜிப் பை அளவுதான். சோப்பு, முள்வாங்கி, காஸ், 3 அங்குலக் கட்டுத்துணி, சுளுக்குக்கு ஒரு கிரேப் பேண்டேஜ், காகிதப் பிளாஸ்திரி, கிருமிகொல்லிக் களிம்பான பொவிடோன் அயோடின் சிறிய குழாய், கையுறை 2 ஜோடி, ஓ.ஆர்.எஸ். 2, பாராசிட்டமால், கதண்டு கொட்டினால் அரிப்புக்குச் செட்டிரிசின், கையைத் தூக்கிக் கட்டுவதற்கு அப்பத்தாவின் வேட்டித் துணி. கொட்டியபின் மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ செட்டிரிசினை நம்பி உட்காரக்கூடாது, 108-தான். பாம்புக்கடிக்கும் பையில் ஒன்றும் இல்லை. கடித்த கையையோ காலையோ அசைக்காமல், கயிறு கட்டாமல் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர வண்டி ஒன்றுதான் வேண்டும். கடைசியாக ஒரு தாள்: வீட்டில் ஒவ்வொருவரின் இரத்த வகை, ஒவ்வாமை, அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ஊருக்கு வழி. எல்லாம் 500 ரூபாய்க்குள் முடிந்தது. காரில் மட்டும் விட்டுவைக்கவேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். 30 டிகிரிக்குக் கீழே வை என்று அட்டையில் எழுதியிருக்கிறது, மூடிய கார் வெயிலில் அடுப்பாகிவிடும்.

ஒன்றை நான் கொண்டுவந்தேன், அதே போல் ஒன்றைத் திண்ணை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். வெள்ளித்தாள் போர்வையில் சித்தி வடகம் காயவைக்கிறார். நன்றாக மொறுமொறுவென்று வருகிறதாம். நேற்றுத் தம்பி படம் அனுப்பியிருந்தான். பையில் சோப்பு டப்பா காலியாக இருந்தது. பதறிப்போய், யாரை நாய் கடித்தது என்று கேட்டேன்.

"யாரையும் கடிக்கவில்லை. சித்தப்பா குளிக்கப் போனபோது எடுத்துக்கொண்டு போய்விட்டார்."