ஆர்கேட் பெட்டி, மூன்று வருடம், ஒரு சதுரத் தட்டு

இருவர் ஆடும் ஆர்கேட் பெட்டிகளின் விலை இறங்கியதிலிருந்து நண்பர் ஒருவர் ஒரே செய்தியை இரண்டு முறை அனுப்பிவிட்டார்: “வாங்கலாமா? பேக்-மேன் சரியாக வருமா?” முதல் கேள்விக்குப் பதில் கடைசியில். இரண்டாவதற்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: வராது. திரையும் மின்சுற்றுப் பலகையும் ஒலியும் ஒழுங்காக இருந்தாலும் வராது. ஆளை நகர்த்தும் குச்சி, அதாவது ஜாய்ஸ்டிக், தப்பு.

நாம்கோ 1980-இல் கொண்டுவந்த பேக்-மேன் இயந்திரத்தில் இருந்தது நான்கு திசைக் குச்சி. மேல், கீழ், இடம், வலம், அவ்வளவுதான். மூலைவாட்டில் போகவே போகாது. 1981-இன் டாங்கி காங்குக்கும் அதே வகைதான். இப்போது விற்கும் பெட்டிகளில் வருவதோ எட்டுத் திசைக் குச்சி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) ஆட அது கட்டாயம் வேண்டும். கீழ், கீழ்-முன், முன் என்று ஒரே இழுப்பில் இழுத்துக் குத்தினால்தான் ஹடோகென் என்ற நெருப்புப் பந்து கிளம்பும். ஆக, பெட்டி கட்டுபவர் சண்டைக்காரர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார். அதில் தப்பில்லை. ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் படம் மட்டும் பேக்-மேனுடையது. அதுதான் எரிச்சல்.

என்ன கெடுகிறது என்று பார்ப்போம். பேக்-மேன், பேய்கள் துரத்தச் சந்துகளில் ஓடும் ஆட்டம். திருப்பத்தின் நடுப்புள்ளிக்குச் சில பிக்செல் முன்பே குச்சியைத் தள்ளினால் பேக்-மேன் மூலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு திரும்புவான். பேய்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவை நடுப்புள்ளி வரை போய்த்தான் திரும்பும். பின்னால் வரும் பிளிங்கி என்ற சிவப்புப் பேயிடமிருந்து தப்புவது, திருப்பத்துக்குத் திருப்பம் சேரும் இந்தச் சின்ன லாபத்தில்தான். அதனால் தெரிந்தவர்கள் எப்போதும் முன்கூட்டியே தள்ளுவார்கள். எட்டுத் திசைக் குச்சியில் வலப்பக்கம் பிடித்தபடி மேலே தள்ளும்போது வலதும் மேலும் சேர்ந்து அழுந்தும். விளையாட்டால் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். பழைய திசையை எடுத்தால் திருப்பம் போச்சு, ஒரு உயிரும் போச்சு. டாங்கி காங்கில் இது இன்னும் கேவலம்: ஏணிக்கு நேராக வந்து மேலே தள்ளினால் ஆள் ஏணியைத் தாண்டி நடந்துபோய் பீப்பாயில் மோதுவான்.

மேம் போன்ற எமுலேட்டரில் (பழைய இயந்திரத்தைக் கணினியில் நடித்துக் காட்டும் மென்பொருள்) நான்கு திசை விளையாட்டுக்குப் புதிதாக அழுந்திய திசையை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. கணினி வைத்துக் கட்டிய பெட்டியாக இருந்தால் பாதித் தொல்லை அங்கேயே தீரும். என்னிடம் உள்ளது பல விளையாட்டுகளை அடைத்து வரும் மின்சுற்றுப் பலகை. அதன் பட்டியலில் நாணயம், உயிர், மொழி எல்லாம் மாற்றலாம். இதை மட்டும் மாற்ற இடமில்லை.

சரிசெய்வது குச்சியின் அடியில்தான். கட்டுப்பாட்டுப் பலகையின் திருகுகளைக் கழற்றித் தூக்கினால் குச்சிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு தெரியும், நடுவில் சதுர ஓட்டை. எட்டுத் திசையில் அந்தச் சதுரத்தின் நான்கு மூலைகளும் மூலைவாட்டுத் திசைகளைப் பார்த்திருக்கும். 45 டிகிரி திருப்பினால் மூலைகள் மேல், கீழ், இடம், வலம் என்று வந்துவிடும். மூலைவாட்டில் தட்டையான சுவர் நிற்பதால் குச்சி இரண்டு சுவிட்சுகளையும் ஒன்றாக மூடும் அளவுக்குப் போகாது. சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் வகைக் குச்சியில் இதற்கென்றே நடுத்துண்டு திரும்பும்படி செய்திருக்கிறார்கள், கருவிகூட வேண்டாம். அதைப் பார்த்துச் செய்த மலிவு நகல்களில் தட்டு நான்கு கொக்கிகளில் நிற்கும். ஒரு மூலையிலிருந்து நெம்பாதீர்கள். எதிரெதிர்க் கொக்கிகளை இரண்டிரண்டாக விடுவியுங்கள். ஒன்று ஒடிந்தாலும் தட்டு ஆடும். ஆடினால் நான்கு திசை மறுபடி ஐந்தரை திசையாகிவிடும்.

திருப்பியாயிற்று, பேக்-மேன் தேன் மாதிரி வருகிறது. உடனே யாராவது வந்து “முஸ்தபா போடு” என்பார்கள். தமிழ்நாட்டு வீடியோ கேம் கடைகளில் அந்தப் பெயரிலேயே ஓடிய காப்காமின் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் (1993) தெருவில் குறுக்கே நடக்கும் விளையாட்டு. மூலைவாட்டு இல்லாமல் அதை ஆடுவது தண்டவாளத்தில் நடப்பது போலிருக்கும். மறுபடி திருகு, மறுபடி தட்டு. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம்.

முறையான வழி மூன்றாவதாக ஒரு குச்சி. இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் நடுவில், கொஞ்சம் மேலே, நான்கு திசைக்கென்றே நிரந்தரமாக ஒன்று. தண்டுக்கு 24 மி.மீ. துளை போதும். முதல் ஆட்டக்காரர் குச்சியிலிருந்து தரைக் கம்பி (கிரவுண்ட்) ஒன்று, திசைக் கம்பிகள் நான்கு, ஆக ஐந்தையும் இணையாக இழுத்தால் வேலை முடிந்தது. எல்லாம் தரையோடு மூடும் சாதாரண சுவிட்சுகள்தான். எந்தக் குச்சி மூடியது என்று பலகைக்குத் தெரியப்போவதில்லை. தனித்தனி மைக்ரோ சுவிட்ச் உள்ள குச்சி என்றால் ஒரு எச்சரிக்கை: ஒவ்வொன்றிலும் மூன்று கால்கள் இருக்கும். பொதுக் காலும், அழுத்தினால் சேரும் காலும்தான் நமக்கு வேண்டும். மூன்றாவதில் மாட்டினால் அந்தத் திசை எப்போதும் அழுந்தியபடியே இருக்கும், நீங்கள் பலகை செத்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

மற்றவை சுருக்கமாக. பட்டன்கள் 30 மி.மீ., ஸ்டார்ட் பட்டன்கள் 24. மூன்று வருடத்தில் முதல் ஆட்டக்காரரின் சுடும் பட்டன் மட்டும் போயிற்று. எதிர்பார்த்ததுதான், கேலகா என்ற சுடும் ஆட்டத்தில் அடி வாங்குவது அது ஒன்றுதான். மாற்றும்போது கால் அகலத்தை அளந்து வாங்குங்கள். ஜப்பானிய வகையில் 2.8 மி.மீ., அமெரிக்க வகையில் பெரும்பாலும் 4.8. தளர்வாகப் பொருந்தும் முனையை இடுக்கியால் நசுக்கி மாட்டினால் ஆறு மாதம் ஓடும், பிறகு ஆட்டத்தின் நடுவில் கழலும். ஆறு பட்டனில் கீழ் வரிசை மூன்றும் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தால் பட்டனைத் தொடாதீர்கள். பலகையைப் பெட்டியோடு இணைக்க 1985-இல் வந்த ஜாமா என்ற பொது இணைப்பில் ஓர் ஆளுக்கு மூன்று பட்டன்தான் கணக்கு. ஸ்ட்ரீட் ஃபைட்டரின் உதைகளான கீழ் வரிசைக்கு வேறு கம்பிக்கட்டு. அதன் கனெக்டர்தான் நழுவியிருக்கும்.

ஒலியைக் கூட்டினால் ஆட்டம் தானாக மறுதொடக்கம் ஆகிறதா? 5 வோல்ட் சரிகிறது. மல்டிமீட்டரை மின்வழங்கியில் அல்ல, பலகை முனையில் வைத்து அளக்க வேண்டும். கம்பியிலேயே கொஞ்சம் இழந்துவிடும். மின்வழங்கியின் ஓரத்தில் உள்ள சிறு திருகைத் துளித்துளியாகத் திருப்பி 5.0 முதல் 5.1 வரை நிறுத்துங்கள். பக்கத்திலேயே வீட்டு மின்சாரம் வரும் திருகுகள் திறந்தபடி இருக்கும், பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள திருப்புளி மட்டும்.

திரை விஷயத்தில் எனக்குக் கோபம் தணியவில்லை. பேக்-மேனின் படம் 224க்கு 288 பிக்செல், நின்ற வாக்கில். 768 வரிகள் உள்ள அகலத்திரையில் அதை நிரப்ப 2.67 மடங்கு பெருக்க வேண்டும். அசலில் இரண்டுக்கு இரண்டு பிக்செல்லாக இருக்கும் புள்ளிகள் ஒன்று தடித்தும் ஒன்று இளைத்தும் தெரியும். பழைய 1280க்கு 1024 சதுரத் திரையை நிமிர்த்தி வைத்தால் சரியாக நான்கு மடங்கு, 896க்கு 1152, ஓரத்தில் கறுப்பு விளிம்போடு கச்சிதமாக உட்காரும். ஆனால் மலிவான டிஎன் வகைத் திரையை நிமிர்த்தினால் பக்கத்தில் நிற்பவருக்கு நிறம் செத்துத் தெரியும். மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தால் வரும் குறை இடவலமாக மாறிவிடுகிறது. பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரையைத் தேடுங்கள். நிமிர்த்திய திரையில் முஸ்தபா சிறுத்துப்போவார் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எதிர்பாராமல் பிடித்துப்போனது ஸ்பேஸ் இன்வேடர்ஸ். 1978-இன் அந்த டைட்டோ விளையாட்டில் 55 எதிரிகள், ஒரு திரைச்சட்டத்துக்கு, அதாவது திரை ஒருமுறை வரையப்படுவதற்கு, ஒருவராக நகர்வார்கள். முழுப் படையும் ஓரடி வைக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். சுடச்சுட வரிசை குறைந்து, கடைசி ஒருவன் ஒவ்வொரு சட்டத்திலும் ஓடுவான். வேகம் கூட்டச் சொல்லி யாரும் நிரல் எழுதவில்லை, இயந்திரத்தின் இயலாமையே ஆட்டமாகிவிட்டது. இடவலம் மட்டும் போதும் என்பதால் இந்தப் பாழாய்ப்போன குச்சிகூட அதைக் கெடுக்க முடியவில்லை. இடுப்பளவுக் கட்டுப்பாட்டுப் பலகை முன் நின்றபடி, ஸ்பீக்கரின் அந்த நான்கு கட்டைச் சுரங்கள் மரப்பெட்டியோடு சேர்ந்து அதிர ஆடுவது, கைபேசியில் ஆடுவதோடு ஒப்பிடவே முடியாது. பெட்டிக்குக் கொடுத்த காசு அங்கே வசூலாகிவிடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், வாங்கலாமா என்றால், வேண்டாம். இறங்கிய விலைக்கும் வேண்டாம். அதே காசுக்கு மரப்பலகையை வெட்டி, நல்ல குச்சி மூன்று போட்டு, பழைய சதுரத் திரையோடு நீங்களே கட்டலாம். “அப்படியானால் உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடு” என்று நண்பர் மூன்றாவது செய்தி அனுப்பியிருக்கிறார். அதுவும் வேண்டாம். நடுக் குச்சிக்குத் துளையிடக் குறி வைத்தாயிற்று, துளை வெட்டும் 24 மி.மீ. ஹோல்சா மட்டும்தான் பாக்கி.