நகுரு ஏரி சஃபாரி: முன்பணம் அனுப்பும் முன் படியுங்கள்

"இரண்டு நாள் டூர், பிக் ஃபைவ் உறுதி, லட்சக்கணக்கில் பூநாரைகள், எல்லாம் சேர்த்து ஒரே விலை." கென்யாவின் நகுரு ஏரி தேசியப் பூங்காவுக்கு இப்படியொரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிக் ஃபைவ் என்றால் சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் ஐந்தும். நகுருவில் யானையே கிடையாது. சுற்றிலும் வேலி போட்ட 188 சதுர கிலோமீட்டர் பூங்கா அது. காண்டாமிருகத்தில் கருப்பு, வெள்ளை இரண்டும் உண்டு. சிங்கம், சிறுத்தை, காட்டெருமையும் உண்டு. பிக் ஃபைவில் ஐந்தாவதான யானை மட்டும் இல்லை. அங்கே சஃபாரி வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. தெரிந்தே பொய் எழுதியவரின் மற்ற வரிகளை எப்படி நம்புவது?

அடுத்து பூநாரைப் படம். கரை முழுக்க இளஞ்சிவப்பாக, விளிம்பில் காய்ந்த வெள்ளை உப்புத் திட்டோடு ஒரு படம் அனுப்புவார்கள். அது பழைய நகுரு. 2010-க்குப் பிறகு ஏரி நீர் ஏறி ஏறி, பழைய பிரதான வாசலையும் கரையோரச் சாலையையும் விழுங்கிவிட்டது. இன்று கரையில் முதலில் கண்ணில் படுவது, தண்ணீருக்குள் நின்றபடியே பட்டுப்போன மஞ்சள் பட்டை வேல மரங்கள். அனுப்பிய படத்தில் அந்த மரங்கள் இல்லாமல் அகலமான வெள்ளைக் கரை தெரிந்தால், எப்போது எடுத்த படம் என்று கேளுங்கள். சிறிய பூநாரையின் உணவு நீலப்பச்சைப் பாசி. அது காரத்தன்மை மிகுந்த நீரில்தான் செழிக்கும். நல்ல தண்ணீர் கலந்து காரத்தன்மை குறைந்ததும் பாசி குறைந்தது, பறவைகளும் பெருமளவில் வடக்கே போகோரியா ஏரிக்குப் போய்விட்டன. நகுருவில் இப்போதும் பூநாரை தென்படலாம், ஆனால் எண்ணிக்கைக்கு யாரும் உறுதி தர முடியாது. பூநாரைக்காகவே போகிறீர்கள் என்றால் போகோரியாவைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அது தனி நிர்வாகம், தனிக் கட்டணம்.

பணம் அதிகம் பறிபோவது நுழைவுக் கட்டணத்தில்தான். வாசலில் நடப்பது இது: ஓட்டுநர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு கவுண்டருக்குப் போகிறார். கால் மணி நேரம் கழித்து வந்து, "கட்டணம் ஏறிவிட்டது, ஆளுக்கு இன்னும் இருபது டாலர் ரொக்கமாகக் கொடுங்கள்" என்கிறார். கென்ய வனவிலங்குத் துறை தன் பூங்காக்களில் நுழைவுக் கட்டணத்தை ரொக்கமாக வாங்குவதில்லை. அரசின் இசிட்டிசன் தளம் வழியாக கார்டிலோ, எம்பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவையிலோதான் கட்ட வேண்டும். வெளிநாட்டுப் பெரியவருக்கு நெடுநாள் 60 டாலராக இருந்த கட்டணத்துக்கு 2025-இல் உயர்வு அறிவித்தார்கள். "ஏறிவிட்டது" என்ற பேச்சை அதனால் எளிதில் நம்பிவிடுகிறார்கள். பயணத்துக்கு முந்தின நாள் அந்தத் தளத்திலேயே அன்றைய கட்டணத்தைப் பார்த்துவிடுங்கள்.

இதைவிட மோசமானது இன்னொன்று. உங்களிடம் வெளிநாட்டவர் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, உள்நாட்டவர் என்று குறித்து டிக்கெட் எடுப்பது. உள்நாட்டவருக்கு சில டாலர்கள்தான், மீதி அவர் பையில். சோதனையில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டால் சிக்குவது நீங்கள், வித்தியாசத்தைக் கட்டுவதும் நீங்கள். ஆகவே ரசீதைக் கையில் வாங்கி மூன்றைப் பாருங்கள்: எத்தனை பேர், எந்தப் பிரிவு, எந்தத் தேதி. வண்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதுவும் விலையில் அடங்குமா என்று முன்பே கேளுங்கள்.

"நகுரு ஏரியில் தங்கல்" என்ற வரியும் வலைதான். பெரும்பாலும் அது நகுரு நகருக்குள் இருக்கும் ஓட்டல். டிக்கெட் ஒருமுறை நுழைவதற்குத்தான் செல்லும். வெளியே தங்கினால் மறுநாள் காலைச் சுற்றுக்குப் புது டிக்கெட் வேண்டும். "இரண்டு கேம் டிரைவ்", அதாவது வண்டியில் விலங்கு பார்க்கும் சுற்று இரண்டு, என்று எழுதிவிட்டு ஒன்றோடு முடித்துக்கொள்வது இதனால்தான். ஓட்டல் பெயரை வாங்கி, அது வேலிக்கு உள்ளேயா வெளியேயா என்று வரைபடத்தில் பாருங்கள்.

நைரோபியிலிருந்து ஒரே நாளில் போய்வரும் டூரில் நேரத்தை எழுதி வாங்குங்கள். தூரம் சுமார் 160 கிலோமீட்டர். லாரி நெரிசல் சாலை, மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். காலை எட்டுக்குக் கிளம்பினால் உச்சி வெயிலில்தான் உள்ளே நுழைவீர்கள். சிங்கமும் சிறுத்தையும் நிழலில் படுத்திருக்கும் நேரம் அது. ஐந்து மணிக்கே கிளம்பும் வண்டிதான் வேண்டும்.

வண்டி என்றால் கூரை மேலே தூக்கும் வேனா, லேண்ட் குரூசரா, ஆளுக்கொரு ஜன்னல் உண்டா என்பதும் எழுத்தில் வரட்டும். வாய்ப்பேச்சில் லேண்ட் குரூசர், வாசலில் சாதாரணக் கார் என்று ஏமாந்தவர்கள் நிறைய. வழியிலுள்ள நைவாஷா ஏரியையும் சேர்த்தால், படகுச் சவாரி விலையில் அடக்கமா, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

முன்பணத்தைத் தனியாள் எண்ணுக்கு அனுப்பாதீர்கள். நிறுவனப் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும், முப்பது சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கென்யச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் நடப்பு ஆண்டு உரிமத்தின் நகலைக் கேளுங்கள். நேர்மையானவர் உடனே அனுப்பிவிடுவார்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. 2024 முதல் விசாவுக்குப் பதில் இடிஏ என்ற இணையவழிப் பயண அனுமதி; அரசுத் தளம்போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் இரட்டிப்புப் பணம் பிடுங்குகின்றன. முகவரி ‘go.ke’ என்று முடிகிறதா பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில், பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போடாமலே அட்டை தருகிறேன் என்கிற ஏஜென்டை நம்பினால், திரும்பி வரும்போது விமான நிலையத்திலிருந்து நேராகத் தனிமைப்படுத்தும் மையத்துக்குப் போக வேண்டியிருக்கும், ஆறு நாள் வரை.