இயற்கை முறையில் பெரிய முருங்கை: போத்து நடுவதா, விதை ஊன்றுவதா?

முருங்கை வைக்கப் போகிறேன் என்று சொன்னதுமே எங்கள் பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, "விதையா, போத்தா?" என்பதுதான். உப்பு உரம் என்கிற ரசாயன உரம் போடாமல், மருந்தும் அடிக்காமல், அதே சமயம் செடி நன்றாகப் பெருத்துப் படர்ந்து காய்க்கவும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியமாகிவிடுகிறது. எங்கள் நிலத்தில் இரண்டும் நிற்கின்றன. கிணற்று மேட்டில் அப்பா காலத்துப் போத்து மரங்கள், கீழ் வயலில் நான் விதை ஊன்றி வளர்த்த பி.கே.எம். 1 ரகச் செடிகள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விதைக் கட்சி. ஏன் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் பெரிய காரணம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். போத்து என்பது காய்த்த மரத்திலிருந்து மூன்று நான்கு அடிக்குக் குறையாமல் வெட்டிய பருமனான கிளை. ஆடி, ஆவணியில் குழியில் நட்டு, மேல் வெட்டில் மழைத்தண்ணீர் இறங்காமல் சாணியை அப்பிவிட்டால் துளிர்த்துவிடும். தாய் மரத்தின் காய் எப்படியோ, அப்படியே இதிலும் காய்க்கும், அதில் சந்தேகமே வேண்டாம். விதை அப்படி இல்லை. முருங்கைப் பூவில் தேனீ புரண்டு மகரந்தத்தைக் கலந்துவிடுவதால், பக்கத்துத் தோட்டத்தில் பொறுக்கிய விதையில் ஒரு செடி நீளக் காய் காய்த்தால் இன்னொன்று குட்டையாகக் காய்க்கும். அதனால் விதை என்றால் நம்பகமான இடத்தில் வாங்கிய நல்ல ரகம் மட்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் வந்த பி.கே.எம். 1 இன்றைக்கும் செடிமுருங்கைக்காரர்களின், அதாவது விதை ஊன்றி வளர்ப்பவர்களின், முதல் தேர்வாக இருக்கிறது. காய் 65 முதல் 70 சென்டிமீட்டர் வரை நீளும், கட்டுக் கட்ட வசதி, ஒட்டன்சத்திரம் சந்தையில் ஏன் எதற்கு என்று கேட்காமல் எடுத்துக்கொள்வார்கள். ருசியில் பழைய போத்து மரம் ஒரு படி மேல்தான். சாம்பாரில் போட்டால் மணத்திலேயே தெரிந்துவிடும், அதை மறுக்க மாட்டேன்.

சரி, அந்தப் பெரிய காரணத்துக்கு வருகிறேன். கை எட்டும் உயரம்.

ரசாயன மருந்து அடிப்பவருக்கு உயரம் அவ்வளவு பெரிய சங்கடம் இல்லை. விசை வைத்த தெளிப்பானை எடுத்து ஒரு முறை மேலே பாய்ச்சினால் சில வாரங்களுக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. வேப்பங்கொட்டைக் கரைசல் அப்படி வேலை செய்யாது. ஐந்து கிலோ கொட்டையை இடித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டர் தண்ணீருக்குக் கலந்து, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பும் கரைத்து அடித்தாலும், வெயில் பட்டால் அதன் வீரியம் சீக்கிரமே இறங்கிவிடும். அதனால்தான் சாயங்காலம் அடிக்கச் சொல்கிறார்கள், அதனால்தான் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கிறது. அதோடு, அது பூச்சி மேல், மொட்டு மேல், இலையின் அடிப்பக்கத்தில் நேராகப் பட வேண்டும். இருபதடி உயரத்தில் நிற்கும் போத்து மரத்தில் கைத்தெளிப்பானை வைத்துக்கொண்டு மொட்டுப்புழுவை எப்படிப் பிடிப்பது? பாதிக் கரைசல் காற்றில் போகும், மீதி நம் தலையில் விழும்.

கம்பளிப்பூச்சி விஷயத்தில் இது இன்னும் கண்கூடு. மழை விட்ட பிறகு, பகலில் தண்டில் அப்பிக்கொண்டு கூட்டமாகக் கிடக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் பட்டையே தெரியாது, பழுப்பு முடியாகத்தான் தெரியும். இருட்டியதும் மேலே ஏறி இலையை மொட்டையடித்துவிடும். செடி தாழ்வாக இருந்தால் பகலிலேயே தண்டில் வேப்பங்கரைசலையோ மீன் எண்ணெய் சோப்புக் கரைசலையோ நேராக அடித்து அந்தக் கூட்டத்தை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பெரிய மரத்தில் கீழ்த் தண்டில் இருப்பது மட்டும்தான் நம் கணக்கு, கிளை கிளையாக உச்சியில் கிடப்பது நமக்குத் தெரியவே தெரியாது. அந்தக் காலத்தில் பந்தம் கொளுத்திக் காட்டுவார்கள். மரத்தின் பட்டை கருகுவதைப் பார்த்த பிறகு எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. பழ ஈயும் இதே கதைதான். காயில் பிசின் வடிந்து, நுனி காய்ந்து தொங்குவதை அன்றன்றைக்கே பறித்து அழிக்க வேண்டும், உதிர்ந்ததையும் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் காய்க்குள் இருக்கும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த காய்ப்புக்கு ஈயாகத் திரும்ப வரும். கை எட்டாத காயை எப்படிப் பறிப்பது? இயற்கை முறை என்பது முக்கால்வாசி கைவேலை. கை எட்டாத செடியில் அந்த முக்கால்வாசியும் போய்விடுகிறது.

பெரிய செடி வேண்டும் என்றுதானே ஆரம்பித்தோம், இப்போது தாழ்வாக வை என்கிறானே என்று தோன்றலாம். பெரிய செடி என்றால் உயரம் இல்லை, அகலம். விதைச்செடியை இரண்டரை அடி, அதாவது 75 சென்டிமீட்டர் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். வளர்ந்துகொண்டிருக்கிற குருத்தைக் கிள்ள மனசு வராது, ஆனால் கிள்ளிய இடத்துக்குக் கீழே இலைக் கக்கத்திலிருந்து பக்கக் கிளைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும். அவை நீண்டதும் அவற்றின் நுனியையும் ஒரு முறை கிள்ளினால் செடி விரித்த குடைபோலப் படர்ந்துவிடும், பூவும் காயும் நம் முகத்துக்கு நேரே. "முருங்கையை ஒடித்து வளர்" என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். குழிக்குக் குழி இரண்டரை மீட்டர் என்பது வழக்கமான கணக்கு. நான் பத்தடி விடுகிறேன், காற்றோட்டம் கிடைத்தால் செடி தன் பாட்டுக்குப் பரவுகிறது, கரைசல் அடிக்க நாலு பக்கமும் சுற்றி வரவும் முடிகிறது.

ஆறு மாதத்தில் காய் பறிக்க ஆரம்பித்துவிடலாம். காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டிவிட்டால் நாலைந்து மாதத்தில் மறுபடி காய். இப்படி வெட்டியதும் துளிர்த்து மறுபடி காய்ப்பதைத்தான் மறுதாம்பு என்கிறோம். இந்த மறுதாம்பு வேகம்தான் போத்து மரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. அதையும் வெட்டலாம், துளிர்க்கவும் செய்யும், ஆனால் அடித்து வெட்டினால் ஒரு காய்ப்புப் பருவம் கையை விட்டுப் போகிறது. அதனால் யாரும் வெட்ட மாட்டார்கள், வெட்டாததால் மரம் ஏறிக்கொண்டே போகும். எங்கள் போத்து மரங்கள் வயதானவை, இளசிலிருந்தே ஒழுங்காகக் கவாத்து செய்து வந்தால் ஒருவேளை வேறு மாதிரி இருக்கலாம். மூலனூர்ப் பக்கம் மரமுருங்கையை வைத்து நன்றாகச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டால் என் பேச்சுக்குப் பதில் இருக்கும்.

வேர் ஒரு முக்கியமான வித்தியாசம். நேராகக் குழியில் ஊன்றிய விதை ஆணிவேரைக் கீழே இறக்கிவிடும். போத்துக்கு ஆணிவேர் கிடையாது, பக்க வேரை நம்பித்தான் நிற்கும். ஆடிக் காற்றில் இதைக் கண்ணால் பார்க்கலாம், மண் ஈரமாக இருக்கும்போது போத்து மரம் சாய்ந்து கொடுக்கும். முருங்கைக் கட்டை எந்த வழியில் வந்தாலும் மென்மைதான், காய்ப்பாரத்தில் கவட்டை பிளப்பது செடிமுருங்கையிலும் உண்டு. ஆனாலும் தாழ்ந்து அகன்ற செடிக்குக் காற்றின் பிடி குறைவு. ஆணிவேரின் பலன் முழுசாக வேண்டுமென்றால் பையில் நாற்று விட்டு எடுத்து நடுவதைவிட நேரடி ஊன்றல்தான் எனக்குப் பிடிக்கும். ஒன்றரை அடி ஆழ அகலத்துக்குக் குழி, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரமும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும், ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு மூன்று விதை, முளைத்த பிறகு நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டியதுதான்.

ஊட்டத்தில் இரண்டுக்கும் பெரிய பேதம் இல்லை. வெட்டிய பிறகு செடிக்கு ஒரு கூடை தொழுவுரம், பாசனத்தோடு ஜீவாமிர்தம் (சாணி, கோமியம், வெல்லம் எல்லாம் கலந்து புளிக்கவைத்த கரைசல்), 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் (சாணி, கோமியம், பால், தயிர், நெய் சேர்த்த கரைசல்) கலந்து தெளிப்பு. பெருக்க வேண்டும் என்ற ஆசையில் மீன் அமிலத்தை (மீன் கழிவையும் வெல்லத்தையும் நொதிக்கவைத்த கரைசல்) விடாமல் கொடுத்தால் இலை இலையாகத் தள்ளிக்கொண்டு போகும், பூ வராது. அரும்பு தெரிந்ததும் நான் அதை நிறுத்திவிடுகிறேன். பூத்திருக்கும்போது தண்ணீரையும் அளவாகத்தான் காட்ட வேண்டும், தேக்கினால் பூ மொத்தமும் கீழே கொட்டிவிடும்.

விதை முருங்கையின் குறையையும் சொல்ல வேண்டும். மூன்று மறுதாம்பு வரை நன்றாக ஓடும், அதற்கப்புறம் காய் சிறுத்துப்போகும், பிடுங்கிவிட்டுப் புதிதாக ஊன்ற வேண்டியதுதான். விதையைப் பழசாக வாங்கினால் முளைப்பும் குறையும். நான் சொன்னதெல்லாம் செம்மண் அனுபவம், கரிசலில் நான் வைத்துப் பார்த்ததில்லை. தண்ணீர் நிற்கிற மண்ணாக இருந்தால் இரண்டுமே அழுகும், மேடு கட்டி ஊன்றுவது நல்லது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து மணலில் செடி எப்படி வருகிறது என்பதை அங்கே வைத்திருப்பவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தோட்டமாக வைக்கிறவர்களுக்கு இவ்வளவு பேச்சும். வீட்டுக் கொல்லையில் ஒரு மரம், தினம் ஒரு கைப்பிடி கீரை, வாரத்துக்கு நாலு காய் என்றால் போத்தே போதும், திரும்ப ஊன்றுகிற வேலையும் இல்லை. ஒன்று மட்டும், யார் வீட்டிலிருந்து போத்து வாங்குகிறீர்களோ அந்த மரத்தின் காயை முதலில் சமைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். கசக்கும் காய் மரத்தின் போத்து கசப்பாகத்தான் காய்க்கும். சுவரை ஒட்டி நடாதீர்கள், கம்பளிப்பூச்சி தண்டிலிருந்து சுவருக்குத் தாவி வீட்டுக்குள் வந்துவிடும்.