கிராக்கும் பூட்டும்: வன்னி அச்சுக்கடைக் கணினிகளில் நீண்டகாலப் பாவனை

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் கலியாண அழைப்புக் காட்டும் அந்தியேட்டிக் கல்வெட்டும் (இறந்தவர் நினைவாக அடிக்கும் சிறு நூல்) அடிக்கிற சின்னக் கடைகள் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 7, போட்டோஷொப், ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பழைய பாமினி எழுத்துரு மூன்றையும் நம்பியே ஓடுகின்றன. இவற்றில் காசு கொடுத்து வாங்கிய பிரதி மிகக் குறைவு. மற்றதெல்லாம் கிராக், அதாவது களவாகப் பாவிக்கவிடாமல் நிறுவனம் போட்ட பூட்டை உடைக்கும் நிரல், ஏற்றியவை. அப்படிப் பல வருடம் பாவித்தால் என்ன நடக்கும், அந்தப் பூட்டு வாங்கியவரை என்ன செய்யும் என்பதே இங்கே.

கிராக் ஏற்ற வருபவர் முதலில் சொல்வது இதுதான்: "அண்ணை, அன்ரிவைரஸை நிப்பாட்டிப்போட்டுத்தான் இதை ஏத்தோணும்." நிப்பாட்டியதை யாரும் திரும்பப் போடுவதில்லை. கிராக் அழிபடாமல் இருக்க சீ டிரைவ் முழுவதையும் விண்டோஸ் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்து வாடிக்கையாளரின் பென் டிரைவில் வரும் வைரஸுக்கும் அதே வாசல் திறந்தே கிடக்கும்.

கிராக்கோடு அதிகம் வந்தது ஸ்டொப் டிஜவு என்ற ரான்சம்வெயர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் வைரஸ். 980 டொலர் கேட்கும், 72 மணித்தியாலத்துக்குள் என்றால் பாதி. அது ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைற் அளவைத்தான் பூட்டும். அதனால் பெரிய கலியாண வீடியோவை, அதே கமராவில் எடுத்த நல்ல கோப்பொன்றை மாதிரியாக வைத்து ஓரளவு மீட்கலாம். கல்வெட்டுக்குத் தட்டெழுதிய சின்னக் கோப்பு முழுதாகப் போய்விடும். மிரட்டல் குறிப்பின் அடியிலுள்ள அடையாள எண் டி1 (t1) என்று முடிந்தால் எம்சிசொஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் இலவசக் கருவியை ஓடவிட்டுப் பாருங்கள். 2019 ஆகஸ்ட்டுக்குப் பிந்திய வகைகளில் வேறு முடிவுள்ள எண் என்றால் திறக்க வழியில்லை.

மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர் நிம்மதியாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. போட்டோஷொப் சீஎஸ்2 ஐ இரண்டு கணினிகளில் அக்டிவேற் செய்யலாம், அதாவது அடோபியிடம் உரிமத்தை உறுதிசெய்து திறக்கலாம் என்று இருந்தது. ஹாட் டிஸ்க் செத்தால் டீஅக்டிவேற் செய்ய முடியாமல் அந்த இரண்டில் ஓரிடம் வீணானது. பிறகு அக்டிவேஷன் சேர்வரே நின்றது. 2013 ஜனவரியில் அடோபி பூட்டில்லாத பிரதியை இறக்கத் தந்தபிறகே வாங்கியவர்கள் மூச்சு விட்டார்கள். சேஃப்டிஸ்க் என்ற கொப்பித் தடுப்புப் பூட்டுள்ள பழைய விளையாட்டு சீடிகள் விண்டோஸ் 10 இல் ஓடாது, ஏனென்றால் அந்தப் பூட்டை இயக்கும் டிரைவர் நிரலே பாதுகாப்பு ஓட்டையானது. மென்பொருள் ஓடக் கணினியில் செருகவேண்டிய டொங்கிள் என்ற சாவி என்றால் தனிக் கவலை: விண்டோஸை உயர்த்தும்போது பழைய டொங்கிள் டிரைவர் நீலத்திரையில் கொண்டுபோய் நிறுத்தும். முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள், பிறகு விண்டோஸை.

பூட்டு இப்படி இருப்பதால் களவு சரியாகிவிடாது. பக்கத்துக் கடை தன் காட் வடிவமைப்பைக் கொப்பி அடித்தால் சண்டைக்குப் போகிறவர், மற்றவன் எழுதிய மென்பொருளில் தினமும் உழைப்பது நியாயமில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. வேண்டுமென்றே மீறினால் ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாங்கியவர் தனக்கொரு காப்புப் பிரதி எடுப்பதை அதே சட்டம் அனுமதிக்கிறது. அந்த உரிமையையும் பறிக்கிற பூட்டுத்தான் வாங்குகிறவரையும் கிராக் பக்கம் தள்ளுகிறது.

மாற விரும்பினால் லிப்ரஒபிஸ் என்ற இலவச மென்பொருள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும், பக்க அமைப்பு கொஞ்சம் நகரும். பாமினியை நிறுவாமல் திறந்தால் 'அம்மா' கூட நடுவில் அரைப்புள்ளியோடு ஆங்கில எழுத்தாக நிற்கும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில்தான் இருக்கிறது. நிறப்பிரிப்போடு அச்சுப் பிடிஎப் எடுக்க ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க அமைப்பு மென்பொருள் போதும்.

பழைய கணினியை அவசரப்பட்டு போமற் பண்ண வேண்டாம். எல்லாக் கோப்புகளையும் முதலில் அதிலேயே பிடிஎப் ஆக்கி, மூலக் கோப்புகளோடு இரண்டு வெளி டிஸ்க்குகளில் ஏற்றுங்கள். ஒன்றை எப்போதும் வயரைக் கழற்றியே வையுங்கள். செருகிக் கிடக்கும் டிஸ்க்கையும் ரான்சம்வெயர் பூட்டிவிடும்.