லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப்: சவுண்டைத் தேடுமுன் அது எங்கே போகிறது என்று பாருங்கள்

லைன் 6 நிறுவனத்தின் எச்எக்ஸ் ஸ்டாம்ப், கிட்டார் ஆம்ப்களின், எஃபெக்ட் பெடல்களின் ஒலியை டிஜிட்டலாக உருவாக்கும் சின்னப் பெட்டி. அதைப் பற்றி அதிகம் கேட்கும் புகார் இரண்டுதான். “ஹெட்ஃபோனில் அருமையாக இருந்தது, ஆம்ப்பில் சொருகியதும் போர்வை போர்த்திய மாதிரி அமுங்கிவிட்டது” என்பது ஒன்று. “ஆம்ப்பில் நன்றாக இருந்தது, மிக்சரில் கொடுத்ததும் காதைக் கிழிக்கிறது” என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தன் அவுட்புட்டில் எது மாட்டப்பட்டிருக்கிறது என்பது இந்தப் பெட்டிக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல், பெட்டியில் சேமித்திருக்கும் ஒலி அமைப்புகளை, அதாவது பிரீசெட்டுகளை, ஒவ்வொன்றாகப் புரட்டினால் 126 இடங்களையும் சுற்றிவிட்டு வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.

முதலில் பெட்டியைப் பற்றி. 2015-இல் வந்த, இதே நிறுவனத்தின் பெரிய பெட்டியான ஹீலிக்ஸ் ஃப்ளோரில் இருக்கும் அதே ஆம்ப், பெடல் மாடல்களை ஒலியைக் கணக்கிடும் ஒரே ஒரு டிஎஸ்பி சிப்பில் அடக்கி, மூன்று கால் ஸ்விட்ச்சுகளோடு 2018-இல் வெளியானது இது. ஒலித் தரத்தில் பெரியவனுக்கும் சின்னவனுக்கும் வித்தியாசம் இல்லை. ஒரே நேரத்தில் எத்தனையை ஓட்டலாம் என்பதில்தான் வித்தியாசம். தொடக்கத்தில் ஒரு பிரீசெட்டில் 6 பிளாக்குகள்தான் (ஆளுக்கு ஒரு ஆம்ப்போ எஃபெக்ட்டோ) வைக்க முடியும். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் 3.0 பதிப்பு அதை 8 ஆக்கியது. ஆனால் 8 இடம் இருக்கிறது என்பதற்காக எட்டிலும் கனமான மாடல்களை வைத்துவிட முடியாது. முழு கார்டின் சுருதியையே மாற்றும் பாலி பிட்ச் வகை எஃபெக்ட் ஒன்றைப் போட்டாலே டிஎஸ்பியில் பெரும் பங்கைச் சாப்பிட்டுவிடும். பிறகு பட்டியலைத் திறந்தால் பாதி மாடல்கள் மங்கி, தேர்ந்தெடுக்க முடியாமல் நிற்கும். பலர் இதைப் பழுது என்று நினைக்கிறார்கள். பழுதில்லை, மிச்சமிருக்கும் டிஎஸ்பியில் அவற்றுக்கு இடமில்லை என்று அர்த்தம். ஆம்ப், கேப் (ஸ்பீக்கர் கேபினெட்) இரண்டையும் தனித்தனியாக வைக்காமல் ‘ஆம்ப்+கேப்’ என்று ஒரே பிளாக்காக வைத்தால் ஓர் இடம் மிச்சமாகும். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பரும் ஓர் இடத்தைப் பிடிக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மாடல்களின் பெயர்கள் தனி வேடிக்கை. வணிகப் பெயர்களை நேராகப் போட முடியாது என்பதால் வாக்ஸ் ஏசி30 ‘ஏ30 ஃபான்’ ஆகிறது, ஃபெண்டர் ட்வின் ‘யூஎஸ் டபுள்’ ஆகிறது, மார்ஷல் ஜேசிஎம்800 ‘பிரிட் 2204’ ஆகிறது. ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இனி அவுட்புட். அது போகக்கூடிய இடங்கள் மூன்று: மிக்சர், மானிட்டர், ஹெட்ஃபோன் போன்ற முழு அலைவரிசை ஸ்பீக்கர்கள்; கிட்டார் ஆம்ப்பின் முன்பக்க இன்புட்; ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் (ஒலியின் குணத்தை உருவாக்கும் ப்ரீஆம்ப்பைத் தாண்டி, சத்தத்தைப் பெருக்கும் பவர் ஆம்ப்புக்கு நேராகப் போகும் இன்புட்).

முழு அலைவரிசை ஸ்பீக்கர் என்றால் கேப் மாடலோ ஐஆரோ (நிஜ கேபினெட்டின் ஒலிக் குணத்தைப் பதிந்த கோப்பு) கட்டாயம் இருக்க வேண்டும். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். நமக்குப் பழகிய கிட்டார் ஒலி என்பது அந்தச் சரிவையும் சேர்த்ததுதான். கேப் பிளாக்கை அணைத்துவிட்டு டிஸ்டார்ஷனில் ஒரு பவர் கார்டு அடித்துப் பாருங்கள், தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி இரையும். “மாடலிங் என்றாலே செயற்கையான இரைச்சல்” என்று சொல்பவர்கள் கேட்டது பல நேரம் இதைத்தான். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ‘ஆம்ப்+கேப்’ பிளாக்குக்குப் பின்னால் ஐஆரும் போடுவது. அப்போது ஒலி இரண்டு கேபினெட்டுக்குள் புகுந்து வந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

ஆம்ப்பின் முன்பக்கத்தில் சொருகினால் நிலைமை தலைகீழ். அங்கே நிஜ ப்ரீஆம்ப்பும் நிஜ ஸ்பீக்கரும் காத்திருக்கின்றன. ஆம்ப், கேப் பிளாக்குகளை எடுத்துவிட்டு எஃபெக்ட்ஸை மட்டும் விடுங்கள். பொது அமைப்புகளில் அவுட்புட் லெவலை ‘இன்ஸ்ட்ருமெண்ட்’ ஆக்குங்கள். அது ‘லைன்’ நிலையில் இருந்தால் ஆம்ப்பின் இன்புட் திணறும், கிளீன் சேனலில்கூட நொறுங்கல் கேட்கும். ரிட்டர்னில் சொருகினால் ஆம்ப் மாடல் இருக்கலாம், கேப் வேண்டாம். லெவல் பெரும்பாலும் ‘லைன்’தான் பொருந்தும். ஆனால் சில ஆம்ப்களின் லூப் பெடல் அளவுக்கே வடிவமைக்கப்பட்டது, அங்கே ‘இன்ஸ்ட்ருமெண்ட்’தான் சரி. மிக்சருக்குக் கொடுக்கும்போது இதில் எக்ஸ்எல்ஆர் அவுட்புட் இல்லை என்பது ஒரு குறை. நீண்ட கேபிள் இழுக்க வேண்டுமானால் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் வைப்பதே நிம்மதி. டிஆர்எஸ்ஸிலிருந்து (மூன்று தொடர்புள்ள பிளக்) எக்ஸ்எல்ஆருக்கு நேராகப் போகிறவர்கள் அந்தச் சேனலில் மைக்குக்காக மிக்சர் அனுப்பும் 48 வோல்ட் பேண்டம் பவர் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொருகுங்கள்.

இது முடிந்த பிறகுதான் சவுண்ட் தேடும் வேலை. ஆம்ப் பிளாக்கில் வால்யூம் போலத் தெரியும் நாப்கள் மூன்று. டிரைவ் என்பது ப்ரீஆம்ப்பின் கெய்ன். மாஸ்டர் என்பது பவர் ஆம்ப்பை எவ்வளவு உழைக்க வைக்கிறோம் என்பது. அதைத் திருகினால் சத்தத்தோடு குணமும் மாறும். நிஜத்தில் மாஸ்டர் வால்யூமே இல்லாத பழைய ஆம்ப்களின் மாடலில் இது 10-இல் நிற்கும். சத்தம் அதிகம் என்று அதைக் குறைத்தால் ஆம்ப்பின் உயிரே போய்விடும். குணம் மாறாமல் சத்தம் மட்டும் மாற வேண்டுமென்றால் சேனல் வால்யூம். பிரீசெட்டுகளுக்கிடையே சத்தம் ஏறி இறங்குகிறது என்ற தலைவலிக்கு மருந்து இந்த ஒரு நாப்தான். எல்லா பிரீசெட்டையும் ஒரே அமர்வில், ஒரே கிட்டாரில், மேடையில் வாசிக்கும் சத்தத்திலேயே சமன்செய்யுங்கள். குறைந்த சத்தத்தில் காது பேஸையும் உச்ச அலைகளையும் குறைத்தே கேட்கும். இரவில் மெதுவாக வைத்து அமைத்த டோன், சத்தம் கூடியதும் பேஸ் பொங்கிக் குத்துவது இதனால்தான்.

கேப் பிளாக்கில் லோ கட், ஹை கட் இரண்டும் தொடக்கத்தில் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். லோ கட்டை 80 முதல் 100 ஹெர்ட்ஸ், ஹை கட்டை 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை வைத்துப் பாருங்கள். ஒலி ‘டிஜிட்டலாக’ இருக்கிறது என்ற குறையில் பாதி அங்கேயே கரைந்துவிடும். மீதிப் பாதி மைக்கின் இடத்தில். 3.50 ஃபர்ம்வேரில் கேப் பகுதியையே புதிதாக எழுதினார்கள். மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து விளிம்பு வரை நகர்த்தலாம், கோணம் மாற்றலாம். நடுவில் கூர்மை, விளிம்பில் கருமை. ஈக்யூவைத் தொடுவதற்கு முன் மைக்கை நகர்த்துங்கள். பழைய பிரீசெட்டுகள் பழைய கேப்களையே பிடித்துக்கொண்டிருக்கும், புதியதை நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரைச்சலுக்கு வருவோம். கூட வரும் அடாப்டர் 9 வோல்ட், 3 ஆம்பியர். பெடல்போர்டு பவர் சப்ளைகளின் ஒரு துளை பொதுவாக 100 முதல் 500 மில்லிஆம்பியர்தான் தரும். அதில் மாட்டினால் பெட்டி திறக்காது, அல்லது லோகோ வரை வந்து திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். ஒரே வயரில் மற்ற பெடல்களோடு கோத்துவிட்டால் கொசு பாடுவது போல மெல்லிய ‘ஙீ’ சத்தம் கேட்கும். தனி அடாப்டர் போட்டுக்கொள்ளுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம்.

தனி அடாப்டர் போட்ட பிறகும் சத்தம் வந்தால் ஊகிக்காமல் வரிசையாகப் பிரித்துப் பாருங்கள். கிட்டார் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். சத்தம் நின்றால் அது பிக்கப் பிடிக்கும் சத்தம். சிங்கிள் காயில் என்றால் கிட்டாரைப் பிடித்தபடி உடம்பைத் திருப்பிப் பாருங்கள், சத்தமும் கூடவே கூடிக் குறையும். நிற்கவில்லை என்றால் யூஎஸ்பி கேபிளைக் கழற்றுங்கள். அதில் நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்து உண்டாக்கும் இரைச்சல். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் உறுதியாகத் தெரிந்துவிடும். அதற்கும் நிற்காவிட்டால் ஆம்ப்பையும் பெட்டியையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் மாட்டுங்கள். இன்புட் பிளாக்குக்குள்ளேயே மெல்லிய சத்தத்தை அடைத்துவிடும் ஒரு நாய்ஸ் கேட் இருக்கிறது, அது பிளாக் கணக்கில் வராது. திரெஷோல்டை, கம்பிகளைத் தொடாதபோது இரைச்சல் மறையும் புள்ளி வரை மட்டும் ஏற்றுங்கள். அதைத் தாண்டினால் நீண்ட நோட்டின் வாலை வெட்டிவிடும்.

நிஜ ஆம்ப்பின் ப்ரீஆம்ப்புக்கு முன்னும் பின்னும் எஃபெக்ட்ஸை வைக்க நான்கு கேபிள்களால் இணைக்கும் ஃபோர் கேபிள் மெத்தடில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கிட்டார் பெட்டியின் இன்புட்டுக்கு, பெட்டியின் சென்ட் ஆம்ப்பின் முன்பக்கத்துக்கு, ஆம்ப்பின் சென்ட் பெட்டியின் ரிட்டர்னுக்கு, பெட்டியின் இடது அவுட்புட் ஆம்ப்பின் ரிட்டர்னுக்கு. பிரீசெட்டில் ஆம்ப் மாடல் வைக்கும் இடத்தில் எஃப்எக்ஸ் லூப் பிளாக்கை வையுங்கள். ஓவர்டிரைவ் அதற்கு முன்னால், டிலேயும் ரிவர்பும் பின்னால். கேபிள்கள் எல்லாம் சரி, ஆனால் ஒலி மட்டும் ஒல்லியாக, உயிரில்லாமல் வருகிறதா? லூப் பிளாக் இல்லை, அல்லது பைபாஸில் இருக்கிறது. கிட்டார் சிக்னல் ப்ரீஆம்ப்பைத் தொடாமலே பவர் ஆம்ப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கணினியோடு இணைத்து ரெக்கார்டு செய்யும்போது குரல் கம்மியது போல, ஃபிளாஞ்சர் போட்டது போலக் கேட்டால், ஒரே வாசிப்பை இரண்டு முறை கேட்கிறீர்கள்: ஒன்று பெட்டியிலிருந்து நேராக, இன்னொன்று மென்பொருள் வழியாகச் சற்றுத் தாமதமாக. மென்பொருளின் டிராக் மானிட்டரை அணையுங்கள். மென்பொருள் வழியாகத்தான் கேட்க வேண்டுமென்றால் விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் இதற்கான ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போட்டு, பஃபரை (ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துணுக்குகளின் அளவை) 128 சாம்பிளாக வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெகண்ட். மொத்தத் தாமதம் இதைவிடக் கூடும் என்றாலும் வாசிக்கத் தடையிருக்காது.

காலால் வால்யூம் போன்றவற்றை ஏற்றி இறக்கும் எக்ஸ்பிரஷன் பெடல் படிப்படியாக ஏறாமல் சட்டென்று தாவினால் முதல் சந்தேகம் கேபிள் மேல். சாதாரண கிட்டார் கேபிள் உதவாது, டிஆர்எஸ் வேண்டும். மிதிக்கும்போது வால்யூம் ஏறுவதற்குப் பதில் இறங்கினால், வேறு நிறுவனப் பெடலின் போலாரிட்டி மாறியிருக்கிறது.

வாசிக்கும் நடுவில் பிரீசெட் மாற்றினால் ஒரு சின்ன வெட்டு விழும், டிலேயின் வாலும் அறுந்துவிடும். ஒரு பாட்டுக்கு ஒரு பிரீசெட் என்று வைத்து, பகுதிகளை ஸ்னாப்ஷாட்டால் (ஒரே பிரீசெட்டுக்குள் பிளாக்குகளின் நிலையை ஒரே மிதியில் மாற்றும் வசதி) மாற்றுவதுதான் வழி. டிலே பிளாக்கில் டிரெய்ல்ஸை ஆன் செய்தால் வால் தொங்கிக்கொண்டே வரும். ஆனால் மூன்று ஸ்விட்ச்சில் மூன்றாவது டேப் டெம்போவுக்கும் ட்யூனருக்கும் போய்விட்டால் கால் வைக்க இரண்டுதான் மிச்சம். மேடையில் அடிக்கடி வாசிப்பவருக்கு இது போதாது. கூடுதல் ஸ்விட்ச் வாங்கி மாட்டலாம், அல்லது 2021-இல் வந்த 8 ஸ்விட்ச் கொண்ட எச்எக்ஸ் ஸ்டாம்ப் எக்ஸ்எல்லையே எடுக்கலாம். வீட்டில் ரெக்கார்டு செய்பவர், ஏற்கெனவே இருக்கும் பெடல்போர்டின் கடைசியில் ஒரு ஆம்ப் தேவைப்படுபவர், பைக்குள் போட்டுக்கொண்டு பயணம் போகிறவர் இவர்களுக்குச் சின்னதே போதும்.

ஃபர்ம்வேர் ஏற்றுவதற்கு முன், கணினியிலிருந்து பெட்டியை அமைக்கும் மென்பொருளான எச்எக்ஸ் எடிட்டில் பேக்கப் எடுத்துவிடுங்கள். யூஎஸ்பி ஹப் வேண்டாம், கணினியின் போர்ட்டில் நேராக மாட்டுங்கள். பாதியில் திரை உறைந்தது போல நின்றாலும் உடனே பவரைப் பிடுங்காமல் பொறுங்கள். இன்னொன்று: பிரீசெட் கோப்பை மட்டும் பிறருக்கு அனுப்பினால் அதிலுள்ள ஐஆர் கூடப் போகாது. வாங்கியவர் பெட்டியில் அந்த இடம் காலியாக இருக்கும், மறுபடி அதே குளவிச் சத்தம் கேட்டு உங்களைத்தான் கூப்பிடுவார். ஐஆர் கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.