4கே டிவி வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

போன மாதம் எங்கள் டிவியில் சத்தம் மட்டும் வந்தது, படம் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் இருட்டுக்குள் ஆட்கள் மங்கலாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். பேனல் நன்றாகத்தான் இருக்கிறது, திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் எல்இடி பட்டைதான் போயிருக்கிறது என்றார் மெக்கானிக். மாற்றிக் கொடுத்துவிட்டு, “அண்ணே, பிரைட்னஸை எப்பவும் நூறுலயே வைக்காதீங்க, பட்டை சீக்கிரம் போயிரும்” என்று புத்திமதியும் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் போகிற போக்கில் ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று ராத்திரி படம் போட்ட அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது, அசைவுகளை வழுவழுப்பாக்கிக் காட்டும் மோஷன் ஸ்மூத்திங் திரும்ப வந்துவிட்டது.

அதே வாரம் ஆபீஸ் நண்பர் ஒருவர், “உங்க 4கே டிவி விலை இறங்கியிருக்கே, 55 இன்ச் வாங்கலாமா?” என்று கேட்டார். அவருக்கு வாட்ஸ்அப்பில் தட்ட ஆரம்பித்தது இப்படி நீண்டுவிட்டது.

கம்பெனி பெயர் வேண்டாம். இந்த ஸ்மூத்திங் வியாதி ஏறக்குறைய எல்லாக் கம்பெனி டிவியிலும் உண்டு. பேசும் படம் வந்த காலத்திலிருந்து சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள்தான். பல டிவி பேனல்களோ நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கின்றன. 24-ஐ 60-க்குள் சமமாகப் பங்கிட முடியாது. ஒரு ஃபிரேமை மூன்று தடவை, அடுத்ததை இரண்டு தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டியாக வேண்டும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் ஷாட்களில் இதனால் ஒரு சின்னத் தடுமாற்றம் தெரியும். அதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று, இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று டிவியே ஊகித்து, யாருமே எடுக்காத ஃபிரேம்களைச் செருகுகிறது. நடிகர் கையை வீசினால் விரல்களைச் சுற்றி ஒரு புகை மாதிரி கலங்குகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படம் ஏழு மணி சீரியல் போல ஆகிவிடுகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சீரியலும் செய்தியும் நம் ஊரில் வீடியோவில் நொடிக்கு 50 தடவை பதிவாகிப் பழகியவை. அந்த வழுவழுப்பைக் கண்டாலே இது சினிமா இல்லை என்று நம் கண்ணுக்குத் தோன்றிவிடுகிறது.

நான் மட்டும் புலம்பவில்லை. 2018 டிசம்பரில் டாம் குரூஸ் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியோடு நின்று, தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வீடியோவே போட்டார். மறு வருடம் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்று ஒன்றை அறிவித்தார்கள். அதைப் போட்டால் இந்தச் சரிக்கட்டல் வேலைகள் எல்லாம் ஒரே அமுக்கில் அணைந்துவிடும். என் டிவியில் அது இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பீட்டர் ஜாக்சன் 2012-இல் ‘ஹாபிட்’டை வேண்டுமென்றே 48 ஃபிரேமில் எடுத்தார். அதையும் பலர் டிவி நாடகம் மாதிரி இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ஆனால் அது இயக்குநர் தெரிந்தே எடுத்த முடிவு. என் வீட்டு டிவியிடம் யார் கேட்டார்கள்?

சரி, அணைத்துவிட வேண்டியதுதானே? ஒரு தடவை அணைத்தால் போதாது. சாதாரணப் படத்துக்கு ஒரு செட்டிங், வெளிச்சமும் நிறமும் கூடுதலாக வரும் ஹெச்டிஆருக்கு ஒன்று, அதிலேயே ஒரு வகையான டால்பி விஷனுக்கு இன்னொன்று, செட்டாப் பாக்ஸ் சொருகிய ஹெச்டிஎம்ஐக்குத் தனியாக. ஒவ்வொன்றிலும் எதையாவது ஓடவிட்டு மெனுவுக்குள் போக வேண்டும். எல்லாம் முடித்து உட்கார்ந்தால் அம்மா, “இப்பதான்டா படம் தெளிவா இருந்துச்சு, அதை ஏன் மாத்துற?” என்கிறார். கடைக்காரர் கிரிக்கெட்டுக்கு இது வேண்டும் சார் என்பார். கிரிக்கெட் ஏற்கனவே நொடிக்கு 50 தடவை பதிவாகித்தான் வருகிறது. அதற்கு இந்த ஊக ஃபிரேம் எதற்கு?

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. இந்த டிவி எனக்குப் பழைய படங்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. 4கே என்றால் புதுப் படத்துக்குத்தான் என்று நினைத்திருந்தேன். 1962-இல் 65 மி.மீ. ஃபிலிமில் எடுத்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வின் சீரமைத்த 4கே பிரதியைப் பாருங்கள். மணல் மேட்டின் விளிம்பு கத்தி மாதிரி நிற்கிறது. நாற்பது வருடம் கழித்து, 2002-இல் டிஜிட்டலில் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ இரண்டாம் பாகத்தையும் போட்டுப் பாருங்கள். அது 1080 கோடு, அதாவது 4கேயில் பாதிக் கோடுகள்தான் உள்ள ஹெச்டி கேமராவில் எடுத்தது. 4கே என்று எழுதியிருந்தாலும் இழுத்துப் பெரிதாக்கியதுதான். நம் ஊரில் 2005-இல் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ டிஜிட்டலில் வந்தபோது பெரிய செய்தி. அந்தக் காலத்து டிஜிட்டல் படங்களில் கேமராவில் பதிவானதைத் தாண்டி எடுக்க எதுவும் இல்லை. நெகட்டிவ் பத்திரமாக இருந்தால் அதற்கு முந்தைய ஃபிலிம் படங்களில் இன்னும் நுணுக்கம் எடுக்கலாம். நம் பழைய படங்கள் பலவற்றுக்கு நெகட்டிவே மிஞ்சவில்லை என்பது வேறு வயிற்றெரிச்சல்.

கிடைத்தவற்றில் விக்கின் ஓரம், நெற்றியில் பவுடர் திட்டு எல்லாம் தெரிகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. திரையில் நுண்ணிய மணல் போல அசையும் ஃபிலிம் கிரெய்னும் பிடித்திருக்கிறது. அம்மா அதற்கு டிவி ரிப்பேர் என்று பெயர் வைத்திருக்கிறார்.

ஸ்ட்ரீமிங் பற்றி இரண்டு வரி போதும். 4கே வேண்டுமென்று பெரிய திட்டத்துக்குக் காசு கட்டினாலும் இருட்டுக் காட்சிகளில் கறுப்பு பட்டை பட்டையாகப் பிரிகிறது. டிஸ்க்கில் வரும் தரவில் சிறு பங்குதான் நெட்டில் வருகிறது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் நல்ல டிவிதான். விலையும் இறங்கியிருக்கிறது. ஆனாலும் நண்பருக்கு “வேண்டாம் ஜி” என்றுதான் அனுப்பினேன். அன்று காலைதான் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் வந்து டால்பி விஷனில் மட்டும் மறுபடி ஸ்மூத்திங்கைப் போட்டுவிட்டிருந்தது. இரண்டு நாள் கழித்துக் கேட்டிருந்தால் வாங்குங்கள் என்றிருப்பேன். அவர் எப்படியும் வாங்கிவிடுவார். நீங்களும் வாங்கினால், டிவியை மாட்டவரும் ஆள் கிளம்புவதற்குள் அந்த ஆளையே ஸ்மூத்திங்கை அணைக்கச் சொல்லுங்கள். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று மெனுவில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பெயரில் ஒளிந்திருக்கும்.